சந்தனமும் செஞ்சந்தனமும்: பெயரில் மட்டும்தான் உறவு

கேள்வி இது: "சந்தனமும் செஞ்சந்தனமும் ஒரே மரத்தின் வெள்ளை, சிவப்பு வகைகளா? சிவப்புப் பட்டியலில் ஒன்றை அழிவாய்ப்பு இனம் என்றும் மற்றதை அருகிய இனம் என்றும் ஏன் போட்டிருக்கிறார்கள்? பட்டா நிலத்தில் நட்டால் இவற்றைக் காப்பாற்றியதாகுமா?"

ஒரே மரத்தின் வகைகள் இல்லை. ஒரே குடும்பம்கூட இல்லை. பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் இவை இரண்டும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு கிளைகளில் இருக்கின்றன. செஞ்சந்தனம் என்கிற செம்மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மலைகளில் நிற்கும் வேங்கை அதன் உடன்பிறப்பு. இரண்டும் டெரோகார்பஸ் என்ற ஒரே பேரினம். சற்றுத் தள்ளிப் பார்த்தால் நிலக்கடலையும் அதற்குப் பங்காளிதான். சந்தனமோ சாண்டலேசி குடும்பம். மாமரத்திலும் வேம்பிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற புல்லுருவி இருக்கிறதே, அது இருக்கும் அதே வரிசையில்தான் சந்தனமும் வருகிறது. ஆக, செம்மரம் சந்தனத்துக்கு எவ்வளவு சொந்தமோ நிலக்கடலையும் சந்தனத்துக்கு அவ்வளவே சொந்தம்.

பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் கல்லில் உரைக்கும் வழக்கம். இரண்டின் கட்டையையும் உரைத்துக் குழைத்துப் பூசினார்கள். ஒன்று வெளுப்பாக வந்தது, மற்றது சிவப்பாக வந்தது. தாவரவியலாரும் இதே வழியில்தான் போனார்கள். செம்மரத்தின் அறிவியல் பெயரான டெரோகார்பஸ் சாண்டலினஸ் என்பதிலேயே 'சந்தனம் போன்றது' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. சந்தனத்தின் அறிவியல் பெயர் சாண்டலம் ஆல்பம்.

நேரில் பார்த்தால் குழப்பமே வராது. சந்தனத்தின் இலை தனி இலை, காம்பில் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கும். செம்மரத்துக்குக் கூட்டிலை, பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள், சிலவற்றில் ஐந்து, நுனியில் சிறு பள்ளம், அடுக்கு மாறி மாறி வரும். வேங்கையில் சிற்றிலைகள் ஐந்து முதல் ஏழு. சந்தனப் பூ மிகச் சிறியது. நான்கு இதழ்த்துண்டுகள், முதலில் பசுமஞ்சள், நாளாக ஆகக் கருஞ்சிவப்பு. வாசனைக்குப் பேர்போன மரத்தின் பூவில் வாசனை இல்லை. செம்மரப் பூதான் மஞ்சளாக, மணமாக, மார்ச் ஏப்ரலில் கொத்துக்கொத்தாக வரும். ஆனால் அதன் கட்டையில் மணம் இல்லை. சந்தனப் பழம் கருநீலச் சதைக்கனி, உள்ளே ஒரு கொட்டை. செம்மரத்தின் காய் வட்டமாக, சுற்றிலும் இறக்கை வைத்தது போலத் தட்டையாக இருக்கும். பட்டையைப் பாருங்கள்: செம்மரத்தில் முதலைத் தோல்போலச் சதுரம் சதுரமாக வெடித்திருக்கும், கீறினால் சிவந்த பிசின் கசியும்.

நாற்றுப்பண்ணையில் ஏமாறுவது வேறு இடத்தில். 'சிவப்புச் சந்தனம்' என்று சொல்லி மஞ்சாடி நாற்றைக் கொடுத்துவிடுவார்கள். ஆனைக்குண்டுமணி என்று பிள்ளைகள் பொறுக்குகிற பளபளப்பான சிவப்பு விதை அந்த மரத்தினுடையது. விதை சிவப்பாக இருந்தால் அது செம்மரம் இல்லை என்று உடனே முடிவுகட்டலாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொடிக்கும் எளிய சோதனை உண்டு. செம்மரத்தின் சிவப்புச் சாயமான சாண்டலின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, ஸ்பிரிட்டில் அடர் சிவப்பாக இறங்கும். தண்ணீரில் போட்டவுடனே இளஞ்சிவப்பாகச் சாயம் ஓடினால் உங்களுக்குக் கிடைத்திருப்பது பதிமுகம் என்ற வேறொரு சாயமரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டையானால் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள். செம்மர வைரம், அதாவது முற்றிய உள்கட்டை, மூழ்கிவிடும்.

இனி ஆபத்து நிலைக்கு வருகிறேன். கேள்வியில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் மரங்களை எண்ணி மதிப்பெண் போடும் பட்டியல் அல்ல. எவ்வளவு வேகமாகக் குறைகிறது, எவ்வளவு சின்ன இடத்தில் இருக்கிறது, முதிர்ந்தவை எத்தனை மிச்சம் என்று தனித்தனி அளவுகோல்கள் உண்டு. ஏதாவது ஒன்றில் மாட்டினாலே போதும், அந்தப் படிநிலை வந்துவிடும். குறைவின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடு குறைந்தால் அழிவாய்ப்பு இனம், 50 விழுக்காடு குறைந்தால் அருகிய இனம், 80 விழுக்காடு என்றால் மிக அருகிய இனம். மரங்களுக்குத் தலைமுறை என்பது பல பத்தாண்டுகள். ஆகவே கணக்கு பாட்டன் காலத்துக்குப் பின்னோக்கிப் போகும். இன்னொன்று, இந்தக் கணக்கில் காட்டில் தானாக நிற்கும் மரங்கள்தான் சேரும். தோட்டத்தில் வரிசையாக நட்டவை சேராது.

சந்தனம் 1998-இல் அழிவாய்ப்பு இனமாக மதிப்பிடப்பட்டது, இன்றும் அதே நிலைதான். செம்மரத்தின் கதை ஏற்ற இறக்கம் உள்ளது. 1990-களின் இறுதியில் அருகிய இனம் என்றார்கள். 2018-இல் இரண்டு படி கீழிறக்கி அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்றார்கள். 2021-இல் மீண்டும் அருகிய இனமாகத் திருத்தினார்கள். மூன்று ஆண்டுக்குள் ஒரு மரம் தழைத்து மறுபடி அழிந்துவிடாது. கையில் இருந்த தரவும் அதைப் படித்த விதமும்தான் மாறின. 2018-ஆம் ஆண்டுச் செய்தியை வைத்துக்கொண்டு 'செம்மரம் தேறிவிட்டது' என்று எழுதுகிற கட்டுரைகள் இன்னமும் சுற்றுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம்.

இரண்டுக்கும் ஒரு படிதான் வித்தியாசம். ஆனால் ஆபத்தின் வகை முற்றிலும் வேறு.

செம்மரத்தின் பலவீனம் இடம். உலகத்தில் அது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்: சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை. கடப்பை, சித்தூர், திருப்பதி, நெல்லூர் பக்கத்து மலைகள், அவற்றை ஒட்டிய தமிழக ஓரத்தில் கொஞ்சம். அவ்வளவுதான். குவார்ட்சைட் பாறையும் களிப்பாறையும் உடைந்த, மண்ணே இல்லாத சரிவுகளில், கொளுத்தும் வெயிலில் மெதுவாக வளரும் மரம் அது. அந்தக் கல்லாங்காட்டை விட்டால் வேறு காட்டில் அது தானாகப் பரவியதில்லை. இறக்கைக் காய் காற்றில் சிறிது தூரமே போகும். ஆகவே அந்த மலைகளில் நடக்கும் எதுவும் மொத்த இனத்துக்கும் நடப்பதுதான்.

நடப்பது வெட்டுத்தான். சீனத்தில் பழைய அரசவை மரச்சாமான் மரபில் இந்தக் கட்டைக்குத் தனி இடம் உண்டு. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்துக்கு இதை விரும்புவார்கள். வைரத்தின் இழை அலையலையாக ஓடுகிற மரத்துக்கு விலை பலமடங்கு. அந்த அலை இழை எல்லா மரத்திலும் வருவதில்லை, வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் எளிதல்ல. அதனால் தடிமனான மரங்கள் எல்லாமே இலக்காகின்றன. ஒரு சிறு ஆறுதல்: செம்மரம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். மலையில் பல இடங்களில் இன்று பச்சையாகத் தெரிவது அப்படித் துளிர்த்த கம்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு. கிட்டப்போனால் கை மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் ஒன்றும் இருக்காது.

சந்தனம் நேர்மாறு. இடம் அதற்குப் பிரச்சினையே இல்லை. கர்நாடகம், தமிழகம், ஆந்திரம், கேரளத்தின் மறையூர், கடல் தாண்டித் திமோர், சும்பா தீவுகள் வரை பரந்து கிடக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை வேலி ஓரத்தில் போட்டுவிடும், புதர் நிழலில் தானாக முளைக்கும். குயிலும் கொண்டைக்குருவியும் உள்ள ஊரில் சந்தனக் கன்று இல்லாத வேலி குறைவு. பிறகு ஏன் ஆபத்து? கன்று இருக்கிறது, மரம் இல்லை. வைரம் கட்டத் தொடங்கும் பருவத்திலேயே, அதாவது நல்ல விதை கொடுக்கத் தொடங்கும் பருவத்திலேயே, மரம் போய்விடுகிறது. அதுவும் வேரோடு. எண்ணெய் அளவு வேரில்தான் மிக அதிகம் என்பதால் சந்தனத்தை அறுக்க மாட்டார்கள், தோண்டி எடுப்பார்கள். செம்மரத்துக்குக் கிடைக்கும் மறுதுளிர் வாய்ப்பு சந்தனத்துக்குக் கிடைப்பதில்லை. விட்டுப்போன வேர்த்துண்டிலிருந்து கன்றுகள் கிளம்பலாம். ஆனால் அவையெல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். தன் மகரந்தத்தால் சரியாகக் காய்க்காத மரம் என்பதால் நகல்கள் மட்டுமே நிற்கும் திட்டில் பூ நிறைய இருக்கும், பழம் குறைவாக இருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் சந்தன வைரம் எடுத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிந்தபின் சில நூறு டன்னாகச் சுருங்கியது.

இதோடு ஒரு நோயும் உண்டு, செம்மரத்துக்கு இல்லாத தொல்லை. சந்தனக் கூர்நோய் என்று சொல்லலாம், ஆங்கிலப் பெயரை அப்படியே 'ஸ்பைக்' என்றே வனத்துறையில் சொல்வார்கள். இலை வரவரச் சிறுத்து, கணுவிடை குறுகி, கிளை முள்முள்ளாக நிமிர்ந்து நிற்கும். பூ, காய் நின்றுபோகும். இரண்டு மூன்று ஆண்டில் மரம் சாகும். 1899-இல் குடகில் முதலில் பதிவானது. 1907-இல் மருந்து கண்டுபிடிப்பவருக்கு 10,000 ரூபாய் பரிசு தருவதாக மைசூர் மகாராஜா அறிவித்தார். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய கிருமி, பரப்புபவை தத்துப்பூச்சி வகைகள் என்பது பின்னால் தெரிந்தது. நூறாண்டு கடந்தும் காட்டில் பயன்படுத்தத்தக்க மருந்து இல்லை. நோய் கண்ட மரத்தை அப்புறப்படுத்துவதுதான் இன்றும் வழி. மறையூரிலும் இந்த நோய் இருக்கிறது.

சட்டம் இரண்டையும் இரண்டு விதமாகப் பிடித்தது. மைசூரில் திப்பு சுல்தான் காலத்திலிருந்தே சந்தனம் அரசுக்குரிய மரம். உன் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்குச் சொந்தம். விளைவு என்னவென்றால், தன் நிலத்தில் கன்று தலைகாட்டினால் உழவர் சத்தமில்லாமல் பிடுங்கிப் போட்டார். பிறகு அதிகாரிகளுக்கு யார் பதில் சொல்வது? கர்நாடகம் 2001-இலும் தமிழகம் அதை ஒட்டியும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நில மரம் நில உடைமையாளருக்கே என்றாக்கின. என் கணிப்பில் இந்த மரத்துக்காகச் செய்யப்பட்ட உருப்படியான காரியம் இதுதான்; அந்தத் திருத்தம் ஐம்பது ஆண்டு முன்னால் வந்திருக்க வேண்டும்.

செம்மரம் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது, அதாவது நாடு தாண்டிய வணிகம் அனுமதிச் சான்றோடு மட்டும். 2004-இல் இந்தியாவின் செம்மர வணிகம் சிறப்பு மறுஆய்வுக்குள் போய், 2023 நவம்பரில்தான் வெளியே வந்தது. 2022-இல் திருத்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலும் இருக்கிறது. இந்தியச் சந்தனம் சைட்டீஸ் பட்டியலில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் ஆப்பிரிக்கச் சந்தனம் எனப்படும் ஆசைரிஸ் லான்சியோலேட்டாவின் கிழக்காப்பிரிக்க மரங்கள் 2013-இல் பட்டியலில் ஏறின. ஒரு சந்தனத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் வணிகம் அடுத்த மரத்தைத் தேடிப் போகும்.

அப்படித் தேடிப் போனதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி. சவ்வாது மலையும் சித்தேரி மலையும் ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனவை. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு அதற்காகவே வந்தது. மலையில் சந்தனம் தீர்ந்தது. மரம் வெட்டத் தெரிந்த கைகள் மிச்சம் இருந்தன. அவர்களைத்தான் தரகர்கள் ஆந்திர எல்லை தாண்டிச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் தமிழர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். தொடர்பே இல்லாத இரண்டு தாவரங்களை மனிதர்களின் பிழைப்பு இப்படி ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

பட்டா நிலத்தில் நடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போய்த் தோற்பவர்கள் நிறைய.

சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் உணவு தயாரித்துக்கொள்ளும்; தண்ணீருக்கும் உப்புகளுக்கும் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சு வேரைப் பதிக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் தென்னை நடுவதுபோல நட்டால் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் இலை வெளுத்து நுனி கருகத் தொடங்கும். உரம் போட்டும் தேறாது.

விதை 15, 20 வயதுக்கு மேற்பட்ட, பல மரங்களிலிருந்து கலந்து எடுத்ததாக இருக்கட்டும். நன்றாகக் கறுத்த பழத்தை ஊறவைத்துத் தேய்த்துச் சதையை நீக்கி நிழலில் உலர்த்துங்கள். கிலோவுக்குச் சுமார் 6,000 விதை வரும். எடுத்தவுடன் விதைத்தால் முளைக்காது. இரண்டு மாத உறக்கம் உண்டு. அதன்பிறகும் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில், லிட்டருக்கு அரை கிராம் கணக்கில், ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு சீராக வரும். அமிலத்தூள் தண்ணீரில் நேரடியாகக் கரையாமல் மிதக்கும். முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துப் பிறகு தண்ணீரில் ஊற்ற வேண்டும். ஊறவைக்காத விதை ஒரு மாதத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை ஒன்றொன்றாக முளைத்துப் பொறுமையைச் சோதிக்கும். ஒன்பது மாதத்துக்கு மேல் பழைய விதையை வாங்காதீர்கள்.

மேட்டுப்பாத்தியில் மூன்று பங்கு மணல், ஒரு பங்கு செம்மண். இங்கே தோற்பதற்கு இரண்டு காரணங்கள்: எலி, நாற்றழுகல். எலிக்குக் கம்பிவலை. அழுகல் பூஞ்சையும் நூற்புழுவும் சேர்ந்து வருவது, மாலையில் வாடி மறுநாள் கொத்தாகச் சாயும். பழைய பாத்தி மண்ணையே மறுபடி பயன்படுத்தினால் நிச்சயம் வரும். ஐந்தாறு இலை வந்ததும் பைக்கு மாற்றுங்கள். வேர் ஒரு நிமிடம்கூட வெயிலில் காயக்கூடாது. பை மண் மணல் இரண்டு, மண் ஒன்று, மக்கிய எரு ஒன்று. பையிலேயே ஒரு துவரை விதை போடுவது அல்லது பொன்னாங்கண்ணித் துண்டு செருகுவது கட்டாயம். துவரை சந்தனத்தை விட உயர்ந்தால் கிள்ளிவிடுங்கள். துணைச்செடி இல்லாத, தொட்டால் வழுவழுவென்று உரமேறிய உயரமான பை நாற்றைப் பார்த்து மயங்க வேண்டாம்; தண்டு பழுப்பேறிய, ஓர் அடி உயர நாற்று போதும்.

வயலில் துணை மூன்று கட்டம். முதல் இரண்டு ஆண்டுக்குத் துவரை, குழி ஓரத்திலேயே. நடுக்காலத்துக்கு அகத்தி அல்லது சவுக்கு. நிலையான துணைக்குப் புங்கை போன்ற பயறுக் குடும்ப மரம், நான்கைந்து அடி தள்ளி. சில உழவர்கள் செம்மரத்தையே துணையாக நடுகிறார்கள். ஆக, ஒருவழியாக இந்த இரண்டுக்கும் மண்ணுக்கடியில் ஓர் உறவு ஏற்படுகிறது, ஒன்று மற்றதை உறிஞ்சும் உறவு. துணை மரம் சந்தனத்தின் தலையை மூடாமல் பக்கவாட்டில் நிழல் தர வேண்டும். வரிசைக்குள் ஏர் ஓட்டினால், ஆழக் கொத்தினால் உறிஞ்சு வேர்கள் அறுந்துபோகும். களைக்கொல்லி தெளித்துத் துணையைக் கொன்றால் சந்தனமும் கூடவே வாடும். தண்ணீர் தேங்கும் களிமண் நிலம் வேண்டவே வேண்டாம். கிளையை அளவுக்கு மீறிக் கழிக்காதீர்கள். அந்தப் புண் வழியாகத்தான் தண்டுத்துளைப்பான் உள்ளே போகும். அடித்தண்டில் மரத்தூள் உருண்டைகள் கொட்டுவது அதன் அடையாளம்.

வைரம் கட்டத் தொடங்குவதே பத்து ஆண்டுக்கு மேல்தான். 'ஏக்கருக்கு 12 ஆண்டில் கோடி' என்று விற்பவர்கள் மரத்தின் மொத்த எடையை வைரத்தின் விலையால் பெருக்கிக் காட்டுகிறார்கள். 15 வயது மரத்தில் வைரம் சில கிலோ. மீதி மணமற்ற வெளிக்கட்டை. திருடர்களுக்கும் இது தெரியும், அதனால் துளைபோட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். துளை விழுந்த மரம் பூஞ்சை ஏறிக் கெடும். வேலிக்கும் காவலுக்கும் ஆகும் செலவை நடவுச் செலவோடு சேர்த்தே முதலில் கணக்கிடுங்கள்.

செம்மரம் இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. பிப்ரவரி, மார்ச்சில் முற்றிய காயை எடுத்து இறக்கையை நறுக்கி, மூன்று நாள் குளிர்ந்த நீரில், தினமும் நீரை மாற்றி ஊறவையுங்கள். சாணிக்கரைசலில் ஊறவைத்து உலர்த்தி மறுபடி ஊறவைப்பதும் பழைய வழக்கம். காயை உடைத்து விதை எடுக்க முயன்றால் பாதி நசுங்கும், காயோடே விதைப்பதுதான் சரி. பத்து நாளில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலும் முளைக்கும். பாதி முளைத்தால் நல்ல விதை. ஆணிவேர் கேரட் போலப் பருத்து இறங்குவதால் குட்டைப் பையில் வேர் சுருண்டுவிடும். சுருண்ட நாற்று நான்கு ஆண்டு நன்றாக இருந்துவிட்டு ஒரு புயற்காற்றில் சாய்ந்தபின்தான் காரணம் தெரியும். ஆழமான பை எடுங்கள்.

13 அடிக்கு 13 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 250 மரம். சரளைச் செம்மண், முழு வெயில், வடிகால். கோடையில் சில கன்றுகளின் தண்டு காய்ந்து போகும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், வேர் உயிரோடிருக்கும், மழைக்குத் துளிர்க்கும். சொட்டுநீரும் உரமும் கொடுத்துக் கொழுக்க வைத்தால் சுற்றளவு வேகமாக ஏறும். ஏறுவது வெளிக்கட்டை, வைரம் அந்த வேகத்தில் வராது. குறைந்தது 25 ஆண்டு பொறுக்க முடியாதவர் இதில் இறங்க வேண்டாம்.

இரண்டையும் அடங்கலில் ஏற்றிவிடுங்கள். எத்தனை மரம், எந்த ஆண்டு நட்டது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஆண்டுதோறும் பதிவானால்தான் பின்னால் 'காட்டு மரம் இல்லை' என்று நிறுவ முடியும். மரம் உங்களுடையது, ஆனால் வெட்டுவதும் ஏற்றிச் செல்வதும் உங்கள் விருப்பம்போல் இல்லை. மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்து, அனுமதிச் சீட்டோடுதான். சொந்த மரத்தைச் சீட்டில்லாமல் வண்டியில் ஏற்றினால் அதுவும் கடத்தல்தான்.

இப்போது கடைசிக் கேள்வி, நட்டால் காப்பாற்றியதாகுமா. சிவப்புப் பட்டியல் கணக்கில் உங்கள் தோப்பு சேராது என்று சொன்னேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர்டு ஆற்றுப் பாசனத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இந்தியச் சந்தனம் நிற்கிறது. அதனால் மறையூர் மரத்தின் நிலை ஒரு படிகூட ஏறவில்லை. தோப்பு செய்யக்கூடியது சந்தை அழுத்தத்தைக் குறைப்பது. சந்தனத்தில் அது ஓரளவு நடக்கும், ஏனென்றால் எண்ணெய் வாங்குபவருக்குத் தேவை அதன் மணப்பொருளான சாண்டலாலின் அளவுதான். அது தோப்பிலிருந்து வந்தாலும் காட்டிலிருந்து வந்தாலும் ஒன்றே. செம்மரத்தில் எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. வாங்குபவர் தேடுவது முதிர்ந்த, அலை இழையோடிய, கனத்த கட்டை. அது இன்று மலையில்தான் இருக்கிறது, தோப்புகளில் இன்னும் இல்லை. செம்மரத்துக்குச் சேஷாசலத்திலும் லங்கமலையிலும் தடித்த மரங்கள் காவலோடு நிற்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

நடுவதிலேயே தீங்கும் வரலாம். தொலைவிலிருந்து வாங்கிய சந்தன நாற்று கூர்நோயைச் சுமந்து வரும். முதல் ஆண்டில் வெளியில் தெரியாது. காட்டை ஒட்டிய நிலமானால் இரட்டைக் கவனம் வேண்டும். பெங்களூரின் மர அறிவியல் நிறுவனம், கோவையின் வன மரபியல் நிறுவனம், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி போன்ற இடங்களில் விதையின் பிறப்பிடம் கேட்டு வாங்கலாம். ஒரே 'உயர்ரக' தாய்மரத்தின் பிள்ளைகளை மட்டும் நட்டால் நாளைக்கு அந்தத் தோப்பில் நல்ல விதை கிடைக்காது.

உங்கள் நிலம் திருவள்ளூர், வேலூர், இராணிப்பேட்டை சரளை மேடென்றால் செம்மரம் அந்த மண்ணுக்கு அந்நியமில்லை. சவ்வாது, ஏலகிரி அடிவாரமென்றால் சந்தனம். அங்கே நாற்று வாங்குவதற்கு முன் வேலியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பறவை போட்ட கன்று கிளுவைக்கும் நொச்சிக்கும் நடுவே ஏற்கெனவே நின்றிருக்கக்கூடும். அதற்குத் துணைச்செடி தேவையில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் முளைத்திருக்கிறது. ஆடு கடிக்காமல் நான்கு முள்ளை வைத்து, வேலி வெட்டும்போது அதை விட்டுவிட்டால் போதும்.